முதல் உலகப்போரின் குண்டுத் தொழிற்சாலைகள் பெண்களுக்கு என்ன கொடுத்தன?

வைகைக்கரை:

பிரிட்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த கதையைச் சொல்பவர்கள் ஊர்வலம், சிறை, உண்ணாவிரதம் எல்லாவற்றையும் விரிவாகச் சொல்கிறார்கள். 1915 முதல் 1918 வரை பீரங்கிக் குண்டு செய்த பெண்களுக்கு மட்டும் ஒரே ஒரு வரி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அந்த நாட்டுப் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது தொழிற்சாலைதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915 மே மாதம் பிரான்சில் ஆபர்ஸ் ரிட்ஜ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் தாக்குதல் தோற்றது. பீரங்கிக்குப் போதுமான குண்டு இல்லை என்று 'டைம்ஸ்' பத்திரிகை போட்டு உடைத்தது. அரசாங்கம் ஆட்டம் கண்டு கூட்டணி ஆட்சி வந்தது. அமைச்சர் லாயிட் ஜார்ஜ் பொறுப்பில் தளவாட அமைச்சகம் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டே இருந்ததால் பட்டறைகளில் ஆள் இல்லை. ஜூலை 17ஆம் தேதி, பெண் ஓட்டுரிமைப் போராட்டத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் பல்லாயிரம் பெண்களைத் திரட்டிக்கொண்டு லண்டன் தெருக்களில் மழையோடு மழையாக நடந்து, நாட்டுக்காக உழைக்கும் உரிமையைக் கொடுங்கள் என்று கேட்டார். போர் முடிகிற சமயத்தில் தளவாட வேலையில் மட்டும் ஒன்பது லட்சம் பெண்களுக்கு மேல் இருந்தார்கள்.

அதற்கு முன்னால் அவர்களில் பலர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பணக்காரர் வீட்டில் வேலைக்காரி. விடியும் முன் எழுந்து அடுப்புச் சாம்பல் அள்ள வேண்டும். வாரத்தில் அரை நாள் லீவு. தங்குவதும் அந்த வீட்டு மாடியறையில்தான், யாரோடு பேசலாம் என்பதையும் எஜமானியம்மா தீர்மானிப்பார். சோறும் படுக்கையும் போக வருஷத்துக்கு இருபது பவுண்டு சம்பளம் என்பது சாதாரணம். ஆண்கள் பார்த்த வேலையைப் பார்க்கும் பெண்ணுக்கு வாரம் ஒரு பவுண்டு என்று அமைச்சகம் 1915 அக்டோபரிலேயே நிர்ணயித்தது. ஷிஃப்ட் முடிந்தால் அவள் நேரம் அவளுடையது. தன் காசில் படம் பார்த்தாள், தொப்பி வாங்கினாள், தோழிகளோடு பப்பில் போய் உட்கார்ந்தாள். இதைப் பார்த்துப் பொறுக்காமல் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. திட்டு விழுந்தது என்றாலே ஏதோ மாறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

1918 பிப்ரவரியில் ஓட்டுரிமைச் சட்டம் நிறைவேறியது. சுமார் 84 லட்சம் பெண்கள் வாக்காளர்கள் ஆனார்கள். குண்டு செய்த கைக்குக் கிடைத்த மரியாதை அது.

செம்பருத்தி:

சார், அந்தக் கடைசி வரியிலேயே ஆரம்பிக்கிறேன். 1918 சட்டம் யாருக்கு ஓட்டுக் கொடுத்தது? முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு மேல், தனக்கோ கணவனுக்கோ வீடு, சொத்துத் தகுதி இருக்க வேண்டும். ஆணுக்கு இருபத்தொன்று, போரில் இருந்த சிப்பாய்க்குப் பத்தொன்பது. குண்டுத் தொழிற்சாலையில் நின்றவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த, கல்யாணமாகாத, வாடகை அறையிலோ ஹாஸ்டலிலோ அப்பா வீட்டிலோ தங்கியிருந்த பெண்கள். ஓட்டு வந்தது அவர்கள் அம்மாக்களுக்கு. அந்தப் பெண் எந்த எஜமானி வீட்டு அடுப்பை விட்டு ஓடிவந்தாளோ அந்த எஜமானிக்கும் வந்தது. குண்டு செய்தவளில் பெரும்பகுதியைச் சட்டம் வெளியே நிறுத்தியது. ஆணுக்குச் சமமான ஓட்டு 1928இல்தான்.

அடுத்து பிரான்சைப் பாருங்கள். அங்கேயும் லட்சக்கணக்கான பெண்கள் குண்டு செய்தார்கள். பாரிஸில் சிட்ரோயன் ஆலையில் வரிசை வரிசையாகப் பெண்கள். 1917இல் வேலைநிறுத்தம்கூடச் செய்தார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை 1944இல் வந்தது. நியூசிலாந்துப் பெண்களுக்கு 1893இல் ஒரு குண்டும் செய்யாமலே வந்துவிட்டது. குண்டுக்கும் ஓட்டுக்கும் நீங்கள் போடுகிற முடிச்சு அந்த இரண்டு நாட்டிலும் அவிழ்ந்துவிடுகிறது.

அந்த ஜூலை ஊர்வலத்துக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆள் பிடிக்க அரசுக்கு ஒரு கூட்டம் தேவைப்பட்டது, அதற்குப் பெண்கள் கிடைத்தார்கள்.

லேத்மணி:

இரண்டு பேரும் ஓட்டுப் பெட்டியிலேயே நிற்கிறீர்கள். நான் லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் நின்றே ஓய்வு பெற்றவன், பட்டறைக்குள் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

குண்டின் உடம்பைக் கடைவது ஒரு காலத்தில் தேர்ந்த டர்னர் வேலை. ஐந்தாறு வருஷம் அப்ரென்டிஸாக இருந்து கற்றவன் பார்ப்பது. புதிதாக வந்த பெண்ணுக்கு அவ்வளவு நாள் கற்றுத்தர நேரம் ஏது? அதனால் வேலையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். கேப்ஸ்டன் லேத்தில் டூல் செட்டிங் எல்லாம் ஆண் செட்டர் செய்து வைத்துவிடுவான். பெண் உருப்படியை மாட்டி, பிடியை இழுத்து, வெட்டி, கழற்றி அடுத்ததை மாட்டுவாள். நாள் முழுக்க அந்த ஒரே வெட்டு. குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸின் பாகங்களைச் சரிபார்க்கிற மேஜைகளிலும் பெண்கள்தான். கையில் அளவு பார்க்கும் கோ–நோகோ கேஜ். ஒரு முனை நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. நுழைந்தால் உருப்படி கழிவுப் பெட்டிக்குப் போகும். கேட்கச் சுலபம்தான். ராத்திரி ஷிஃப்டில் மூன்று மணிக்கு அதே கவனத்தோடு ஆயிரமாவது உருப்படியைப் பார்த்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

இதில் சங்கங்களின் பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். முதலாளி மலிவான கையைக் கண்டுகொண்டால் போர் முடிந்தும் விடமாட்டான் என்பது அவர்கள் பயம். 1915 மார்ச்சில் அரசோடு கருவூல ஒப்பந்தம் என்று ஒன்று போட்டார்கள். போர்க்காலத்துக்கு மட்டும் பெண்களையும் பழகாதவர்களையும் விடுகிறோம், முடிந்ததும் பழைய ஏற்பாடு திரும்ப வேண்டும் என்பது ஷரத்து. 1919இல் அதற்கென்றே சட்டம் வந்தது. பெண்ணை வெறுத்துத்தான் எல்லாம் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கூலியைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

செம்பருத்தி:

மணி அண்ணே, நீங்கள் சொன்ன பயம் நியாயமான பயம். அதற்கு மருந்து என்ன? பெண்ணையும் சங்கத்தில் சேர்த்து ஒரே கூலி கேட்டிருந்தால் மலிவான கை என்ற பேச்சுக்கே இடமில்லை. பொறியாளர் சங்கம் பெண்ணை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 1943இல். முதல் போர் முடிந்து, இரண்டாவது போரும் பாதி கடந்த பிறகு. இடைப்பட்ட காலமெல்லாம் பெண் மலிவாக இருந்ததில் அந்தப் பூட்டிய கதவுக்கும் பங்கு உண்டு.

கூலி சமம் என்ற வாக்குறுதியையும் பார்க்க வேண்டும். உருப்படிக் கணக்கில் கூலி சமம் என்றார்கள். நாள் கூலி? அதைப் பற்றி மூச்சில்லை. எம்மலினின் மகள் சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் 1915லேயே லாயிட் ஜார்ஜிடம் எழுதிக் கேட்டார். தெளிவான பதில் வரவில்லை. வைகைக்கரை சார் சொல்கிற ஒரு பவுண்டு, ஆண் பார்த்த வேலையைப் பார்ப்பவளுக்கு. எது ஆண் வேலை, எது பெண் வேலை என்று பிரிக்கிற கோடு நிர்வாகத்தின் கையில். போதாததற்கு 1918க்குள் விலைவாசி இரண்டு மடங்கு ஆகிவிட்டது. எஜமானி வீட்டில் சோறும் படுக்கையும் இருந்தன. இங்கே வாடகை, ரொட்டி, ரயில் கட்டணம் எல்லாம் அவள் கையிலிருந்து.

லேத்மணி:

1943 விஷயத்தில் நான் எதிர்த்துப் பேசப் போவதில்லை, தங்கச்சி. என் தொழில்காரர்கள் செய்தது என்பதற்காக அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. துண்டு துண்டாக வெட்டிய வேலை மட்டுமே பெண்களுக்குக் கிடைத்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விமானப் பாகங்களில் ஆக்சி-அசிட்டிலின் வெல்டிங் செய்த பெண்கள் இருந்தார்கள். அது முழுக் கைத்தொழில். சுடரின் நிறம் பார்த்து வேலை செய்ய வேண்டும், கொஞ்சம் பிசகினால் தகடு ஓட்டையாகிவிடும். அந்தப் பெண்கள் தங்களுக்கென்று வெல்டர் சங்கம் வைத்துக் கூலிக்குச் சண்டை போட்டார்கள். தொழில் தெரிந்ததால்தான் அவர்களால் மேஜையைத் தட்டிக் கேட்க முடிந்தது. இது வைகைக்கரை தம்பிக்குச் சாதகமான சாட்சி.

நாடித்துடிப்பு:

தொழில்சார் நோய்கள் என் துறை. இங்கே இன்னும் யாரும் டிஎன்டி என்ற வெடிமருந்து பற்றிப் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

குண்டின் உடம்பைக் கடைவது ஒரு வேலை. அதற்குள் வெடிமருந்து நிரப்புவது வேறு தொழிற்சாலை, வேறு ஆபத்து. டிஎன்டி வெளிர் மஞ்சள் தூள். உருக்கி ஊற்றினால் ஆவி, இடித்து அடைத்தால் தூசு. மூக்கு வழியாகப் போவதைவிடத் தோல் வழியாகத்தான் அதிகம் உள்ளே போகிறது. ஈரமான, வியர்த்த கையில் இன்னும் வேகமாக. சில வாரங்களில் கையும் முகமும் மஞ்சளாகும், தொப்பிக்கு வெளியே தெரியும் முன்முடி செம்பட்டையாகும். ஊர் அவர்களைக் கேனரிக் குருவி என்று கூப்பிட்டது. சில இடங்களில் கேன்டீனில் அவர்களுக்குத் தனி மேஜை போட்டார்கள், தொட்ட நாற்காலியிலும் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும் என்பதால். அப்போது பிறந்த சில குழந்தைகளும் மஞ்சளாக இருந்ததாகத் தாய்மார்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் வருகிறது. தோலில் ஏறும் அந்த மஞ்சள் சாயம் போன்றது. வேலையை விட்டால் மெல்லப் போய்விடும். ஆளைக் கொன்றது அது இல்லை. கல்லீரல் கெட்டு வரும் நச்சுக் காமாலை வேறு. அது எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. வேலையை விட்டுச் சில வாரம் கழித்துக்கூட வரும். வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் பிழைக்கவில்லை. எலும்பு மஜ்ஜை கெட்டு ரத்தம் ஊறாமல் போய் இறந்தவர்களும் உண்டு. 1916 தொடக்கத்திலிருந்து நச்சுக் காமாலையைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் இரண்டு பெண் மருத்துவர்கள் டிஎன்டி வேலைசெய்த பெண்களைக் கவனித்து 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். வயிற்று வலி, பசியின்மை, தலைசுற்றல், தோல் அரிப்பு என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தியிருந்தார்கள். போர் முடிவதற்குள் அரசுக் கணக்கில் பதிவான டிஎன்டி மரணங்களே நூறைத் தாண்டின.

வைத்தியம் என்று கொடுத்தது பால். லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பார்ன்போ தொழிற்சாலை சொந்தமாகப் பண்ணை வைத்து 120 மாடு வளர்த்தது. பால் சத்துணவு, சரி. அது டிஎன்டிக்கு மாற்று மருந்து இல்லை. உண்மையில் நோயைக் குறைத்தவை வேறு: காற்றுப் போக்கி, கையால் தொடாமல் கலக்கும் இயந்திரம், ஆட்களைச் சுழற்சியில் வேறு வேலைக்கு மாற்றுவது, அடிக்கடி மருத்துவப் பரிசோதனை. இவை வந்த பிறகு நோய் குறைந்தது. ஆரம்பத்திலேயே செய்திருக்க முடியும். குண்டு எண்ணிக்கை முக்கியம் என்று தள்ளிப்போட்டார்கள்.

வைகைக்கரை:

டாக்டர் எழுதியதை மறுக்க எதுவும் இல்லை. அதே டாக்டரிடம் ஒன்று கேட்கிறேன். ஆலைக்குள் கேன்டீன், நர்ஸ், ஓய்வறை, பெண்களுக்கென்று நல அதிகாரி, அரசுப் பணத்தில் குழந்தைக் காப்பகம் – இதெல்லாம் எந்தக் காலத்தில் வந்தன? போருக்கு முன் தீப்பெட்டி ஆலையிலும் ஈய வெள்ளை ஆலையிலும் பெண்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு இத்தனை ஏற்பாட்டை யார் செய்தார்கள்? தொழிலாளிப் பெண்ணின் உடம்பை இவ்வளவு பெரிய அளவில் அரசு தன் கவலையாக எடுத்துக்கொண்டது இங்கேதான்.

சகோதரி செம்பருத்திக்கு: முப்பது வயது வரம்பு அநியாயம்தான். ஆனால் ஓட்டுரிமையைப் பல வருஷம் எதிர்த்த முன்னாள் பிரதமர் அஸ்குவித், 1917 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து மனம் மாறிப் பேசினார். பெண்கள் இல்லாமல் இந்தப் போரை எப்படி நடத்தியிருக்க முடியும் என்பது அவர் பேச்சின் சாரம். அந்த மனமாற்றத்துக்குக் காரணம் எது? பிரான்சில் 1944 வரை ஆனதற்கு அங்கே மேல்சபையான செனட் குறுக்கே படுத்ததுதான் காரணம். கீழ்ச்சபை 1919லேயே சம்மதித்துவிட்டது. பெண்களின் உழைப்பு அங்கேயும் வேலை செய்திருக்கிறது. செனட்டின் பிடிவாதத்துக்குக் குண்டு செய்தவள் எப்படிப் பொறுப்பாவாள்?

தொழிற்சங்கத்தில் இருந்த பெண்கள் 1914இல் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. 1918இல் பன்னிரண்டு லட்சம். தொழிற்சங்கத் தலைவி மேரி மக்கார்தரின் பெண் தொழிலாளர் கூட்டமைப்பு ஆலை ஆலையாகக் கிளை திறந்தது. பாவம் என்று நாம் இரங்கவேண்டிய கூட்டமா இது? எண்ணிக்கை அப்படிச் சொல்லவில்லை. மிரட்டி அழைத்துக்கொண்டு போனவர்களும் இல்லை, தாங்களே வந்தவர்கள்.

செம்பருத்தி:

தாங்களே வந்தார்கள், சரி. தாங்களே போக முடிந்ததா? 1915 ஜூலைத் தளவாடச் சட்டப்படி முதலாளி விடுப்புச் சான்றிதழ் தராமல் வேலையை விட்டால் ஆறு வாரத்துக்கு வேறு எந்த ஆலையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஆறு வாரம் சம்பளமில்லாமல் ஒரு கூலிக்காரி எப்படிச் சாப்பிடுவாள்? வேலைநிறுத்தமும் சட்ட விரோதம். 1917 கடைசியில்தான் அந்தச் சான்றிதழ் முறையை எடுத்தார்கள், அதுவும் தொழிலாளர்கள் கொதித்த பிறகு. வாசல் உள்பக்கமாகத்தான் திறந்தது, சார்.

பார்ன்போ மாடுகளை டாக்டர் சொன்னார். அதே ஆலையின் 42ஆம் அறையையும் சொல்ல வேண்டும். 1916 டிசம்பர் 5, இரவு பத்து மணி ஷிஃப்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த அறைக்குள் சுமார் 170 பெண்கள். உள்ளே போகுமுன் கொண்டை ஊசி, கொக்கி, பொத்தான், உள்பாடிக் கம்பி எல்லாவற்றையும் கழற்றி, உடை மாற்றி, சோதனை முடித்துத்தான் விடுவார்கள். இரும்பில் இரும்பு உரசி ஒரு பொறி வந்தால் போதும் என்பதால். மருந்து நிரப்பிய நாலரை அங்குலக் குண்டுகளுக்கு மூக்கில் ஃபியூஸ் பொருத்துவது அங்கே வேலை. கையால் திருகி நுழைத்து, பிறகு இயந்திரத்தில் வைத்து இறுக்க வேண்டும். பத்து இருபத்தேழுக்கு ஒரு குண்டு இயந்திரத்திலேயே வெடித்தது. 35 பெண்கள் செத்தார்கள். சிலரைக் கழுத்தில் தொங்கிய அடையாள வில்லையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

செய்தி வெளிவரவில்லை. தணிக்கை. லீட்ஸ் பத்திரிகையில் மரண அறிவிப்பில் 'விபத்தில்' என்று மட்டும் போட்டார்கள். எந்த விபத்து, எந்த ஊர், எத்தனை பேர் என்று இல்லை. பொதுமக்களுக்கு முழுக்கதை தெரிந்தது 1924இல். அரசு அந்த உடம்புகளைத் தன் கவலையாக எடுத்துக்கொண்டது என்று எழுதினீர்களே, இதையும் அதோடு சேர்த்துப் படியுங்கள்.

வைகைக்கரை:

அந்த இரவில் நடந்த இன்னொன்றை விட்டுவிட்டீர்கள். உடல்களை எடுத்து முடித்த சில மணி நேரத்தில் அதே 42ஆம் அறையில் வேலை செய்ய வேறு பெண்கள் தாங்களாக முன்வந்தார்கள். உற்பத்தி நின்றது கொஞ்ச நேரம்தான். இவர்களை அரசு பிடித்துத் தள்ளவில்லை. தன் அண்ணனோ காதலனோ ஏதோ ஒரு பதுங்குகுழியில் இருக்கிறான், இங்கே குண்டு குறைந்தால் அங்கே அவன் சாவான் என்று நம்பிய பெண்கள். அந்த மனத்திடத்தை ஏமாற்றப்பட்டவர்களின் செயல் என்று எழுதினால் அவர்களுக்குச் சொந்த புத்தியே இல்லை என்று ஆகிவிடும். எனக்கு அதுதான் வலிக்கிறது.

செம்பருத்தி:

புத்தியில்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. தைரியம் அவர்களுடையது. அந்தத் தைரியத்தைப் போர் தனதென்று சொந்தம் கொண்டாடுவதைத்தான் நான் மறுக்கிறேன். அந்தத் துணிச்சல் எஜமானி வீட்டு அடுப்படியிலும் அவர்களிடம் இருந்தது. யாருக்கும் தேவைப்படவில்லை.

அல்லிக்குளம்:

எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். ஒருவரும் அந்தக் குண்டு போய் எங்கே விழுந்தது என்று கேட்கவில்லை. 1916 ஜூன் 24 முதல் ஒரு வாரம் பிரான்சில் சோம் நதிக்கரையில் பிரிட்டிஷ் பீரங்கிகள் சுமார் பதினைந்து லட்சம் குண்டு பொழிந்தன. எதிரில் இருந்தவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. எஸ்ஸனில் க்ருப் ஆலையில் நின்ற ஜெர்மன் பெண் செய்த குண்டு இந்தப் பக்கம் விழுந்தது. இவள் அண்ணனை அவள் கொன்றாள், அவள் அண்ணனை இவள் கொன்றாள். இதில் யாருக்கு விடுதலை கிடைத்தது என்று கணக்குப் போடவே எனக்குக் கூசுகிறது.

லேத்மணி:

கூசத்தான் செய்யும். அதற்காகக் கணக்குப் போடாமல் விட முடியாது. அந்தப் பதினைந்து லட்சத்தில் வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டு ஏராளம். அவசர அவசரமாகச் செய்த சரக்கு. ஜூலை முதல் தேதி, குண்டுகள் அறுத்திருக்க வேண்டிய எதிரியின் முள்கம்பி அறுபடாமல் அப்படியே நிற்க, பிரிட்டிஷ் பையன்கள் நேரே நடந்துபோய் ஒரே நாளில் பத்தொன்பதாயிரத்துக்கு மேல் செத்தார்கள். கேஜ் பிடித்த பெண் ஒரு ஃபியூஸைக் கழிவுப் பெட்டியில் போட்டதற்கும் போடாததற்கும் அவ்வளவு எடை இருந்தது. போர் கூடாது என்பது வேறு பேச்சு. வேலையைச் செய்தவளின் பொறுப்புணர்ச்சியை அதற்காகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கார்டைட் பற்றி யாரும் எழுதாததால் நான் இரண்டு வரி. குண்டைப் பீரங்கியிலிருந்து தள்ளி அனுப்பும் மருந்து அது. நம் நீலகிரியில் அருவங்காட்டு ஆலை அதற்காகவே ஏற்பட்டது, முதல் போருக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னாவில் ஒன்பது மைல் நீளத்துக்கு ஒரு ஆலை கட்டினார்கள். பதினோராயிரம் பெண்களுக்கு மேல். பஞ்சுமருந்தையும் நைட்ரோகிளிசரினையும் தொட்டியில் கொட்டிக் கையால் பிசைந்தார்கள். அந்த ஆவியில் தலைவலி மண்டையைப் பிளக்கும். பார்வையிடப் போன ஷெர்லாக் ஹோம்ஸ் கதாசிரியர் கானன் டாயில் அந்தக் கலவையைச் சைத்தானின் கஞ்சி என்று எழுதினார்.

நாடித்துடிப்பு:

வைகைக்கரை என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. ஆம், கேன்டீன், நர்ஸ் எல்லாம் பரவலாக வந்தது அப்போதுதான். 1915இல் தளவாடத் தொழிலாளர் உடல்நலக் குழு என்று ஜார்ஜ் நியூமன் தலைமையில் அமைத்தார்கள். அவர்கள் உருப்படியாக ஒன்று செய்தார்கள். வாரத்துக்கு அறுபது மணிக்கு மேல் வேலை வாங்கிய ஆலைகளில் நேரத்தைக் குறைத்து உற்பத்தியை அளந்தார்கள். குறையவில்லை, சில வேலைகளில் கூடவே செய்தது. களைப்பு என்பதை அளந்து பார்க்கலாம் என்ற அறிவு அதில் பிறந்தது. என் துறை அந்தப் பெண்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் குழுவின் பேரைப் பாருங்கள். தளவாடம் நிற்காமல் வர வேண்டும், அதற்கு அவள் உடம்பு ஓட வேண்டும். போர் முடிந்ததும் குழந்தைக் காப்பகப் பணத்தை நிறுத்தியதில் அது தெரிந்துவிட்டது.

செம்பருத்தி:

போர் முடிந்ததும் நடந்தது பற்றி வைகைக்கரை சார் இதுவரை வாயே திறக்கவில்லை, நானே எழுதுகிறேன். 1918 நவம்பர் 11 சமாதானம். சில நாட்களுக்குள் லண்டனின் ஊல்விச் ஆயுத ஆலையிலிருந்தும் மற்ற ஆலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள், எங்களுக்கு இனி என்ன வழி என்று. வேலையில்லாதவர்களுக்கு அரசு கொடுத்த வாராந்தர உதவித்தொகை ஆணுக்கு 29 ஷில்லிங், பெண்ணுக்கு 25. அதுவும் எப்போது நிற்கும்? வீட்டு வேலையோ சலவை வேலையோ இருக்கிறது, போ என்று வேலைவாய்ப்பு அலுவலகம் சொல்லி, அவள் மாட்டேன் என்றால் உதவித்தொகை கட். நேற்று வரை நாட்டைக் காப்பாற்றுகிற பெண் என்று படம் போட்ட பத்திரிகைகள், அவளை ஓசிச் சோறு தின்பவள் என்று எழுதின. 1921 கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் 1911இல் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு. நீங்கள் திறந்ததாகச் சொல்கிற கதவு அந்த எண்ணில் எங்கே இருக்கிறது?

வைகைக்கரை:

அந்த எண்ணில் இல்லை. அந்தப் பெண்களின் மறுப்பில் இருக்கிறது. உதவித்தொகை போனாலும் பரவாயில்லை, திரும்ப அந்த வீட்டு மாடியறைக்குப் போகமாட்டேன் என்று 1919இல் சொன்னார்களே, 1913இல் அவர்களால் அப்படிச் சொல்ல முடிந்திருக்குமா? போய்த்தான் ஆகவேண்டியிருந்தது பலருக்கு. ஆனால் பழைய பணிவோடு போகவில்லை. வேலைக்காரி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாயாடுகிறாள் என்று எஜமானிகள் அந்தப் பத்து வருஷமும் புலம்பினார்கள்.

இங்கிலாந்தின் பிரஸ்டனில் 'டிக், கெர்' என்ற ஆலையின் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முன் டிராம் செய்த ஆலை, போரில் குண்டு செய்தது. டீ நேரத்தில் முற்றத்தில் கால்பந்து ஆட ஆரம்பித்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று டீப்டேல் மைதானத்தில் காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்காக ஆடினார்கள், பத்தாயிரம் பேர் வந்தார்கள். போர் முடிந்து ஆலையில் குண்டு வேலை போன பிறகும் அந்த அணி கலையவில்லை. 1920 டிசம்பர் 26, லிவர்பூலில் குடிசன் பார்க்: உள்ளே 53,000 பேர், இடமில்லாமல் வெளியே திரும்பிப் போனவர்கள் வேறு. ஆலை இல்லையென்றால் இவர்கள் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே மாட்டார்கள். அரைக் கால்சட்டையோடு ஊர் பார்க்க ஓடுவதற்கு வீட்டில் விட்டிருக்கவும் மாட்டார்கள்.

செம்பருத்தி:

அந்த ஆட்டத்தை நானும் நேசிக்கிறேன். அடுத்த வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி கால்பந்துச் சங்கம் கூடி, இந்த விளையாட்டு பெண்களுக்கு உகந்ததல்ல என்று சொல்லித் தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நீடித்தது. டிக், கெர் அணியின் லில்லி பார் போன்ற ஒரு ஆட்டக்காரி தன் மீதி ஆட்ட வாழ்க்கையைச் சங்க மைதானங்களுக்கு வெளியேதான் ஆடித் தீர்த்தார்.

போர் கொடுத்தது என்று நீங்கள் காட்டுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் திரும்பப் பிடுங்கிய ஒரு தேதி இருக்கிறது. பெண்கள் கையில் தங்கியது அவர்கள் தனியாகப் போராடி வாங்கியது மட்டும்தான். வெல்டர்கள், மக்கார்தரின் கூட்டமைப்பு, 1928க்காக நடந்தவர்கள்.

வைகைக்கரை:

தடை போட்டது யார்? போரா? கால்பந்துச் சங்கம். சம கூலி கொடுக்காதது யார்? அமைச்சகமும் முதலாளியும். நீங்கள் காட்டுகிற தேதிகள் எல்லாம் அந்தக் கூட்டத்தின் குற்றப்பத்திரிகை. தொழிற்சாலை அனுபவம் அவர்களுக்கு என்ன செய்தது என்ற என் கேள்வி அப்படியே இருக்கிறது. போராடியவர்கள் என்று நீங்கள் எண்ணிய மூன்றில் முதல் இரண்டும் ஆலைக்குள் பிறந்த கூட்டம், அல்லது ஆலைக்குள் பெருத்த கூட்டம்.

செம்பருத்தி:

மக்கார்தர் கூட்டமைப்பைத் தொடங்கியது 1906இல். ஆலையில் பெருத்தது, ஒத்துக்கொள்ளலாம்.

உங்கள் கேள்விக்கு அடுத்த போரை வைத்துப் பதில் சொல்கிறேன். அந்த அனுபவம் அரசுக்கு ஏதாவது கற்றுக்கொடுத்திருந்தால் 1939இல் தெரிந்திருக்க வேண்டும். 1941 டிசம்பரில் பிரிட்டன் இருபது முதல் முப்பது வயது வரை உள்ள மணமாகாத பெண்களைச் சட்டம் போட்டே போர்ப் பணிக்கு அழைத்தது. அதே அரசு, விமானக் குண்டுவீச்சில் காயம்படும் பொதுமக்களுக்கு இழப்பீடு வைத்தபோது பெண்ணுக்கு வாரம் ஏழு ஷில்லிங் குறைவாக வைத்திருந்தது. ஒரே குண்டு, ஒரே தெரு, ஒரே மாதிரி ஒடிந்த கால். மேவிஸ் டேட், எடித் சம்மர்ஸ்கில் என்ற பெண் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் விடாமல் சண்டை போட்டு 1943 ஏப்ரலில் அதைச் சமமாக்கினார்கள். அதே வருஷம் அக்டோபரில் கிளாஸ்கோ பக்கம் ஹில்லிங்டனில் விமான எஞ்சின் செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திவிட்டு, ஆணின் கூலி கேட்டு வெளியே வந்தார்கள்.

லேத்மணி:

ஹில்லிங்டன் ரோல்ஸ் ராய்ஸ் ஆலைதானே. அந்த வேலைநிறுத்தத்தில் ஆண்களும் அவர்களோடு வெளியே வந்தார்கள், தங்கச்சி. முடிவில் யார் செய்தாலும் இன்ன இயந்திரத்துக்கு இன்ன கூலி என்று இயந்திர வாரியாக எழுதி வாங்கினார்கள். முதல் போரில் என் தொழில்காரர்கள் செய்யத் தவறியதை இவர்கள் செய்தார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதலாம், கேப்ஸ்டனுக்கு என்ன ரேட், மில்லிங்குக்கு என்ன ரேட் என்று பிரித்ததில் பேச நிறைய இருக்கிறது.